நெற்றியைத் துடைத்துவிட்டு

1

போத்தனூரில் நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடமிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. பள்ளி ஆண்டு மலருக்கு வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் எழுதினால் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்குமாம். என்ன வேலை, எப்படிச் செய்கிறீர்கள், அங்கே வாழ்க்கை எப்படி, எல்லாம் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொல்லியிருந்தார். நான் பத்தாவதும் அதற்கு மேல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரும் படித்தவன். வீட்டுக்குக் கடிதம் எழுதியது தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குள் என் மகள் தேன்மொழி ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.

சிங்கப்பூரில் எங்களுக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. அன்றைக்கு அவளுக்கு நூலகம் போக வேண்டியிருந்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து என் கம்பெனி வாசலில் இறங்கினோம். காவல் அறைக்கு முன்னால் நின்று, பிளாஸ்டிக் பையில் நனைத்து வைத்திருந்த கைக்குட்டையை எடுத்து நெற்றி விபூதியைத் துடைத்தேன். மடித்து, மறுபக்கத்தால் புருவத்தையும் துடைத்தேன். தினமும் செய்வதுதான். அவள் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"என்னப்பா பண்றீங்க?"

"தொடைக்கறேன் கண்ணு."

"ஏன்? உள்ள இருக்கறவங்க பாத்தா வெக்கமா?"

"அதில்ல சாமி."

"வீட்டுல கார்த்தி பூசமாட்டேன்னா திட்டறீங்க. இங்க வந்து நீங்களே அழிச்சுடறீங்க. இது ஃபேர் இல்லப்பா."

பதின்மூன்று வயசு. தமிழ் இன்னும் நன்றாகப் பேசுகிறாள். அவள் தம்பி கார்த்திக்கு ஆறு வயசு. நான் தமிழில் கேட்டால் அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். மணியாகிவிட்டது, சாயங்காலம் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அன்று சாயங்காலமும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் கேட்டதற்கும் அவள் கேட்டதற்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2

முதலில் வேலையைச் சொல்கிறேன். உங்கள் பள்ளியில் இருக்கும் மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தை வைத்துப் பார்ப்பீர்கள். நான் வேலை செய்வது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில். வெளிச்சத்துக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பொருளின் மேல் ஓடவிட்டு, திரும்பி வருவதைப் பிடித்துத் திரையில் படமாக்கும். ஒரு தலைமுடி பனைமரத்தின் பருமனுக்குத் தெரியும். கூடவே இணைத்திருக்கும் இன்னொரு பெட்டி, அந்தப் பொருளில் இரும்பா கால்சியமா, என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடும். திரையில் மலைமுகடுகள் மாதிரிக் கோடுகள் எழும்.

படத்தைப் பார்த்து முடிவு சொல்பவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். என் வேலை அதற்கு முன்னால். பார்க்க வேண்டிய பொருளை அவர்கள் பார்க்கும்படி தயார் செய்து உள்ளே ஏற்றுவது.

அலுமினியத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. ஸ்டப் என்போம். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, காளான் மாதிரி அடியில் ஒரு காம்பு. அதன் தலையில் கறுப்பு ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டி, அதன்மேல் சாம்பிளைச் சாமணத்தால் எடுத்து வைக்க வேண்டும். கையுறை போட்ட கையாலும் சாம்பிளின் முகத்தைத் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை போதும், படம் கெட்டுவிடும். ஈரம் கூடாது. தூசி இருந்தால் வாயால் ஊதக்கூடாது. அதற்கு ரப்பர் குமிழ் இருக்கிறது. பஞ்சு, நூல், பூச்சி இறக்கை மாதிரி மின்சாரம் கடத்தாத பொருளாக இருந்தால் கண்ணுக்கே தெரியாத தடிமனில் தங்கம் பூச வேண்டும். இல்லாவிட்டால் படம் வெள்ளையாகக் கண்ணைக் கூசும்.

பிறகு கருவியின் கதவைத் திறந்து ஸ்டப்பைப் பொருத்தி, உயரம் பார்த்து, கதவைச் சாத்தினால் பம்ப் உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் இழுக்கும். பச்சை விளக்கு வரும்வரை சும்மா நிற்க வேண்டும். இந்த வேலையில் பாதி நேரம் சும்மா நிற்பதுதான்.

இங்கே நான் ஏற்றுவது கம்ப்யூட்டருக்குள் போகும் சில்லுகள். என் மேலதிகாரி ஒரு சீனப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வந்த புதிதில் நான் எதற்கெடுத்தாலும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். "மிஸ்டர் வேலுச்சாமி, யெஸ்ஸா நோவா?" என்பார். இப்போது வாயால் சொல்லப் பழகிவிட்டேன். நான் ஏற்றிய சாம்பிளில் தூசி இருந்ததில்லை என்று ஒருமுறை மற்றவர்கள் முன்னால் சொன்னார்.

3

இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது கோயமுத்தூரில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். மில்களிலிருந்து பஞ்சும் நூலும் வரும். பம்ப்செட் கம்பெனிகளிலிருந்தும் வார்ப்படப் பட்டறைகளிலிருந்தும் உடைந்த இரும்பு வரும். ஏன் உடைந்தது என்று சொல்ல வேண்டும்.

ஒரு நாள் ஒரு பட்டறையிலிருந்து உடைந்த இம்பெல்லர் வந்தது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம் அது. அச்சுத் துளையின் ஓரத்திலிருந்து பிளந்திருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு விற்ற பம்புகளில் அதே மாதிரி நாலைந்து உடைந்து திரும்பி வந்திருந்தனவாம். பிளந்த பாதிகளில் ஒன்றை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அன்று கிருத்திகை. நான் காலையில் மருதமலை ஏறி இறங்கி நேராக வேலைக்கு வந்திருந்தேன். நெற்றியில் மூன்று பட்டையாக விபூதி. பிளவு முகத்திலிருந்து நகத்தளவு துண்டு வெட்டி, கழுவி, உலர்த்தி, ஸ்டப்பில் வைத்து வெள்ளிப் பசையால் ஒட்டினேன். பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். என் நெற்றிக்கும் சாம்பிளுக்கும் ஒரு சாண்கூட இருக்காது. கையுறை போட்டிருந்தேன். முகத்துக்கு மறைப்பு எதுவும் போடும் வழக்கம் அங்கே அப்போது இல்லை. ரப்பர் குமிழால் கடைசியாக ஒருமுறை ஊத வேண்டும். அன்று ஊதினேனா என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்றால் ஊதவில்லை என்றுதான் அர்த்தம்.

எங்கள் இன்சார்ஜ் சார் படம் எடுத்தார். விரிசல் தொடங்கிய ஓரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு துகள் கிடந்தது. பக்கத்துப் பெட்டி சிலிக்கான், கால்சியம் என்று இரண்டு பெரிய முகடுகளைக் காட்டியது. பொட்டாசியத்துக்கு ஒரு சின்ன முகடு இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. உருகிய இரும்பில் மிதக்கும் கசட்டை வழித்து எடுக்காமல் ஊற்றினால் சிலிக்கானும் கால்சியமும் உள்ளே போய்விடும். அறிக்கையில் "கசடு கலந்த வார்ப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கசடு வழிப்பது உலை மேஸ்திரியின் வேலை.

4

நாலு நாள் கழித்து ஒருவர் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். முன்னங்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்பு. கையில் ஒரு மஞ்சள் பை.

"ஏனுங்க, இம்பெல்லரு ஒடஞ்சதுக்கு ரிப்போட்டு எழுதினது இங்கதானுங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"பழனிச்சாமிங்க. அந்தப் பட்டறைல உலை மேஸ்திரி. இப்ப இல்லீங்க. ரிப்போட்டு வந்ததுலிருந்து அச்சுக்கு மண்ணு சலிக்கறனுங்க."

இன்சார்ஜ் சார் மீட்டிங்குக்குப் போயிருந்தார். அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்தக் கசட்டை எனக்கும் கொஞ்சம் காட்டுவீங்களா? இருவது வருசமா நான் வழிச்சுப் போடறது. அது எப்படி இருக்கும்னு பாத்துப்போட்டுப் போயிடறனுங்க."

படத்தின் நகல் என்னிடம் இருந்தது. காட்டினேன். ஜன்னல் ஓரம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது கசடில்லீங்களே."

"பெட்டி அப்படித்தாங்க சொல்லுது."

"பெட்டி சொல்லட்டுமுங்க. கசடுன்னா உருகி உருண்டு கண்ணாடியாட்டம் இருக்கும். இரும்போட இறுகிப் புடிச்சிருக்கும். இது பொரிஞ்சு பொருபொருன்னு மேலாப்புல உக்காந்திருக்குது. அடுப்புச் சாம்பலாட்டம் இருக்குதுங்க." பிறகு சிரித்தார். "எங்க உலைக்குள்ள ஆரு அடுப்பு வெச்சுச் சோறாக்கினாங்க?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் கை நெற்றிக்குப் போய்விட்டது. அவர் அதைக் கவனித்தாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள் பையிலிருந்து பழைய துணியில் சுற்றிய இரும்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"மத்த பாதிங்க. முதலாளிகிட்டச் சொல்லித்தான் கொண்டாந்தேன். மொகத்தைத் தொடாமத்தான் சுத்தியிருக்கறேன். ஒரு பக்கத்துல கசடு இருந்தா எதிர்ப்பக்கத்துல அது உக்காந்திருந்த குழி இருக்கோணுமில்லீங்களா? இதையும் உங்க மிசின்ல ஏத்திப் பாருங்க."

பெரிய படிப்புப் படித்தவர்கள் யோசிக்காததை அவர் யோசித்திருந்தார்.

"சார் வந்ததும் சொல்லி ஏத்தறமுங்க" என்றேன்.

"சொல்லுங்க. அங்க பசங்க எனக்குக் 'கசட்டு மேஸ்திரி'ன்னு பேரு வெச்சுப்போட்டாங்க. மண்ணு சலிக்கறதுகூடப் பரவால்லீங்க, அந்தப் பேருதானுங்க. வாரனுங்க."

5

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, என் நெற்றியிலிருந்த விபூதியை ஒரு ஸ்டப்பின்மேல் உதிர்த்து உள்ளே ஏற்றினேன். பச்சை விளக்கு வந்தது. கருவியை ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றிருந்தேன். திரையில் அதே பொரிந்த துகள். அதையும் படம் எடுத்து வைத்தேன். பெட்டியில் அதே சிலிக்கான், அதே கால்சியம், ஓரத்தில் அதே சின்னப் பொட்டாசியம். சாணத்தை எரித்த சாம்பலில் இவைதான் இருக்கும்.

ஆகவே எனக்கு அன்றைக்கே தெரியும். இதை நான் நேராக எழுதிவிடுகிறேன்.

அந்தச் சமயத்தில் சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் சாம்பிள் ஏற்றத் தெரிந்தவர் தேவை என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். அனுபவச் சான்றிதழ் வேண்டும். அதில் இன்சார்ஜ் சார் கையெழுத்து வேண்டும். சான்றிதழ் தட்டச்சாகி அவர் மேசையில் காகிதங்களுக்கு அடியில் கிடந்தது. சாம்பிளில் விபூதியைக் கொட்டிவிட்டேன் என்று அன்றைக்குச் சொன்னால், சாம்பிள் ஏற்றத் தெரிந்தவன் என்று அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

பழனிச்சாமி கொண்டுவந்த பாதியை ஈரம் புகாத கண்ணாடிப் பேழைக்குள் வைத்து மூடினேன். துருப்பிடிக்கக் கூடாது அல்லவா. அதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். தினமும் காலையில் பேழையைத் திறந்து பார்த்து மூடுவேன்.

ஒன்பது நாள் போயிற்று. ஒன்பதாம் நாள் மாலை சார் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார். பத்தாம் நாள் காலை அவர் அறைக்குப் போய், "சார், அந்த இம்பெல்லரு ரிப்போட்டு தப்புங்க" என்றேன்.

விபூதிப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அடக் கடவுளே" என்றார். பிறகு, "மத்த பாதி கெடைக்குமா?" என்றார்.

"பேழைல இருக்குதுங்க சார்."

அன்றைக்கே ஏற்றினோம். எதிர்ப்பக்கத்தில் குழி இல்லை. கசடு எங்குமே இல்லை. அச்சுத் துளையில், சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் சாவிக்கட்டை பதிக்கும் பள்ளத்தின் மூலை கத்தி மாதிரிக் கூராக இருந்தது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது. வரைபடத்திலேயே அப்படி. சார் முதல் அறிக்கையைத் திரும்பப் பெற்று இரண்டாவது அறிக்கை எழுதினார். எந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"எத்தனை பேரு தானா வந்து ஒத்துக்குவாங்க வேலுச்சாமி?" என்று சொல்லி, முந்தின நாள் கொடுத்த சான்றிதழைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டார். புதிதாகத் தட்டச்சுச் செய்யச் சொல்லி அதில் ஒரு வரி சேர்த்தார். "நேர்மையானவர். தன் பிழையைத் தானே முன்வந்து தெரிவிப்பவர்."

6

சிங்கப்பூர் கிளம்புவதற்கு முன் பட்டறைக்குப் போனேன். பழனிச்சாமி உலைக்கு முன்னால் நின்றிருந்தார். நீண்ட கம்பியால் கசட்டை இழுத்து ஓரத்தில் தள்ளிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வெளியே வந்தார்.

"வாங்க. மறுபடி உலைக்கே கூப்பிட்டுக்கிட்டாங்க. முதலாளியே வந்து சொன்னாருங்க. மூலையை உருட்டி வரைபடத்தையும் மாத்திப்போட்டாங்க."

"என்ற தப்புதானுங்க அது. விபூதிங்க. குனிஞ்சப்ப விழுந்திருச்சு."

"தெரியுமுங்க."

"எப்படிங்க?"

"அன்னைக்கு நான் சாம்பல்னு சொன்னதும் நெத்தியத் தொட்டீங்களே."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு மண்ணைச் சலிச்சுக்கிட்டே பாத்தனுங்க. அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே ரெண்டு பேருமாச் சிரிச்சிருப்பமுங்க. சாமி விபூதி. இதுல கோவிச்சுக்க என்ன இருக்குது?"

அப்போது உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "ஏனுங்க கசட்டு மேஸ்திரி, டீ ஆறிப்போகுது!"

"பேரு மட்டும் நின்னுபோச்சுங்க" என்றார். எனக்கும் ஒரு டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

7

இங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். கவுண்ட்டரில் என் அப்பா பெயரைச் சொல்லி, "மிஸ்டர் குப்புசாமி" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தடவை, பக்கத்தில் அப்பா நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் அதே படிவங்கள், அதே சான்றிதழ் நகல்கள். அனுபவச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இந்த முறை, அந்தச் சனிக்கிழமை கழிந்து சில நாளில், நகல் எடுக்கத் தேன்மொழியை அனுப்பினேன். வரும்போது படித்துக்கொண்டே வந்தாள்.

"அப்பா, இதுல உங்களை ஹானஸ்ட்னு போட்டிருக்காங்க. என்ன தப்பு பண்ணி ஒத்துக்கிட்டீங்க?"

அன்றைக்குச் சொன்னேன். மருதமலை, இம்பெல்லர், பழனிச்சாமி, மஞ்சள் பை, எல்லாம். கார்த்தி நடுவில் எழுந்து டிவி பார்க்கப் போய்விட்டான். அவள் முழுசும் கேட்டாள்.

"ஓ, அதுக்குத்தான் வாசல்ல துடைக்கறீங்களா? வெக்கத்துக்கு இல்லையா?"

"சாம்பிள்ல விழுந்துடக் கூடாதுன்னு கண்ணு."

"அப்ப சரி" என்றாள். சான்றிதழைக் கவரில் போடப் போனவள் நின்றாள்.

"அந்த ஒன்பது நாளும் துடைச்சுட்டுத்தான் உள்ள போனீங்களா?"

அவள் இதைக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். கேட்க யாரும் இல்லை, பழனிச்சாமிக்கும் அந்த விவரம் தெரியாது.

"இல்ல கண்ணு. அந்த ஒன்பது நாளும் தொடைக்கல. எப்பவும் போல நெத்தி நெறையப் பூசிக்கிட்டுத்தான் போனேன்."

"ஏன்?"

"தொடச்சிருந்தா, நீ கேட்ட மாதிரி யாராவது ஏன்னு கேட்டிருப்பாங்க."

அவள் சான்றிதழைக் கவருக்குள் போட்டு, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, என்னிடம் நீட்டினாள்.